வானிலைப் பக்கம்

அந்தச் சிவப்புப் பொத்தானை வைத்தவள் நான்தான்.
பேசிக்கொண்டிருக்கையில் கதவு திறந்தால்
கட்டைவிரல் போதும்,
எழுதியதெல்லாம் மறைந்து வானிலை வந்துவிடும்.
வானிலை பார்த்ததற்காக
எந்தப் பிள்ளையையும் எந்த அப்பாவும் அடித்ததில்லை
என்றொரு நம்பிக்கை.
என் வீட்டளவில் அது உண்மை.

பதினாறு வயதில் எனக்குக் கிடைத்தது
நூலகத்தில் ஒரு கணினி, அரை மணி நேரம்,
முதுகுக்குப் பின்னால் வரிசையில் ஓர் ஆள்.
கேட்க வேண்டியதை அடித்து
அழித்து
மறுபடி அடித்து
அழித்து
கடைசியில் பேருந்து நேரங்களைத் தேடிவிட்டு
எழுந்து வந்துவிடுவேன்.
அந்த வருடம் எல்லாப் பேருந்தின் நேரமும்
எனக்கு மனப்பாடம்.

இப்போது தார்த்துவில்,
உறைந்த ஆற்றைப் பார்த்த மூன்றாம் மாடியில் இரவுப் பணி.
பதினொரு மொழிகளில் பிள்ளைகள் எழுதுகிறார்கள்.
நான் ஒரு சொல்லும் படிப்பதில்லை, படிக்கவும் கூடாது.
எனக்குத் தெரிவது எண்கள்:
காத்திருப்போர் ஏழு. காத்திருப்பு நான்கு நிமிடம்.
பரீட்சை மாதத்தில் கோடு ஏறும்.
ஞாயிறு மாலை எந்த நாட்டிலும் ஏறும்.

போன ஜனவரியில் குறைகளுக்கான பெட்டியில்
கிசுமுவிலிருந்து ஒரு குறிப்பு.
மொழிபெயர்த்துத் தந்தார்கள்:

"சிவப்பை அழுத்தினேன், வானிலை வந்தது.
பனிப்பொழிவு, மைனஸ் பதினான்கு என்று வந்தது.
போன் என் அண்ணன் ஒச்சோலாவுடையது.
இந்தப் பனி எங்கே பெய்கிறது என்று கேட்டான்.
வெளியே ஏரிக்கரையில் மீன் காய்கிறது, நான் என்ன சொல்ல?
தயவுசெய்து எங்கள் ஊர் மழையைப் போடுங்கள்.
மற்றபடி அந்த நர்ஸ் நல்லவர்.
மாத்திரையைப் பற்றி விளக்கமாகச் சொன்னார். திட்டவில்லை."

தலையில் அடித்துக்கொண்டேன்.
சோதனைக்காக எங்கள் ஊரை எழுதிவைத்து
மாற்ற மறந்திருக்கிறேன்.
இரண்டு வருடம்.
இரண்டு வருடமாகக் கதவு திறந்த வீடுகளிலெல்லாம்
எங்கள் ஊர் வானம்தான் காவலுக்கு நின்றிருக்கிறது.
எத்தனை பேர் அதனால் மாட்டிக்கொண்டார்கள்?
அதற்கு மட்டும் என்னிடம் எண் இல்லை.

நாற்பது நிமிட வேலை.
கிசுமுவுக்குக் கிசுமுவின் மழை,
நூக்குக்கு நூக்கின் காற்று.
விடியும் முன் அவரவர் வானம் அவரவர்க்குப் போய்ச் சேர்ந்தது.

ஒன்பதாம் நாள் மாண்டிவிடியோவிலிருந்து வந்தது:

"பனி எங்கே போயிற்று?
இங்கே முப்பத்து மூன்று டிகிரி. ஓர் அறையில் நான்கு பேர்.
ஆலோசகரிடம் பேசி முடித்த பிறகு
கதவு சாத்தியிருக்கும்போதே சிவப்பை அழுத்துவேன்.
என்னை ஒன்றும் கேட்காத ஓர் ஊர்.
பார்த்துக்கொண்டே தூங்கிப்போவேன்.
அது எந்த ஊர்?"

பெயர் நாங்கள் வைத்துக்கொள்வதில்லை.
பதில் போட வழியில்லை.
அப்படித்தான் கட்டினோம், அது சரியும்கூட.
பக்கத்து மேசை தாவெத் கொட்டாவி விட்டபடி சொன்னான்:
"ஒரே ஒரு பயனர், லீவிக்கா. விட்டுத்தள்ளு."

ஒரே ஒரு பயனர்.
நூலகத்தில் நானும் அவ்வளவுதான் இருந்தேன்.

வானிலைப் பக்கத்தின் அடியில்
யாரும் உருட்டிப் பார்க்காத இடத்தில்
சின்ன எழுத்தில் ஒரு வரி சேர்த்தேன்:
பிற ஊர்கள் – தார்த்து.

இன்று அதில் பனியில்லை.
பிளஸ் ஒன்று. தெருவெல்லாம் உருகிய சகதி.
பனி என்று போட்டுவிடலாமா என்று
விரல் கொஞ்சம் தயங்கியது.
சகதி என்றே விட்டுவிட்டேன்.

நேற்றிரவு அந்த வரியை
மூன்று பேர் தொட்டிருக்கிறார்கள்.
அதில் அவன் உண்டா என்று பார்க்க
எனக்கு அனுமதி கிடையாது.